சுடலைக்கு முகம் எதற்கு?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மும்பை சயானில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து, குலதெய்வக் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி ஐயாயிரம் என்று வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. அந்தக் கோயிலை அவர் கடைசியாகப் பார்த்தது ஏழு வயதில். நினைவில் இருப்பதெல்லாம் கண் மூக்கு இல்லாத ஒரு வெள்ளைத் தூண், ராத்திரி, தீப்பந்தம், ஆட்டு ரத்தம், பயம். இது என்ன சாமி, பணத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா, ஆடு வெட்டுவது பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று கேட்கிறார். அக்கா வேறு, நாலு பேர் சேர்ந்து நல்ல கோயிலாகவே கட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறாராம்.

நான் செம்பூரில் இருக்கிறேன். எங்கள் வகையறாக் கோயிலுக்கு மும்பையில் வரி பிரிக்கிற ஆள், இருபத்திரண்டு வருஷமாக. தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, இப்போது டோம்பிவிலி, நாலாசோப்பாரா வரைக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த வெள்ளைத் தூணுக்குப் பெயர் பூடம். பீடம் என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் பூடம்தான். செங்கல்லையோ மண்ணையோ அடியில் அகலமாக, மேலே போகப்போகக் குறுகலாகக் கட்டி, சுண்ணாம்பு பூசி விடுவார்கள். கொடைக்கு முன்னால் வெள்ளையடித்து, அன்றைக்கு மஞ்சணை சாத்தி, பிச்சிப்பூ மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தால் அதுதான் சாமி. சிற்பி கிடைக்காமலோ காசு இல்லாமலோ இப்படி விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சாமிக்கு முகம் அங்கே தேவைப்படுவதில்லை, கொடை அன்றைக்கு அது ஒரு மனிதன் மேல் வந்து இறங்கிவிடும். அந்த மனிதன்தான் கோமரத்தாடி. சல்லடம் என்கிற அரைக்கால்சட்டை, கச்சை, தலையில் குல்லாய், கையில் வல்லயம் என்கிற ஈட்டி, இன்னொரு கையில் பந்தம் என்று அவர் வந்து நிற்கும்போது முகமும் வாயும் காலும் எல்லாம் சுடலைமாடன் என்கிற அந்தச் சாமிக்குக் கிடைத்துவிடுகின்றன. மறுநாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், பூடம் மறுபடியும் பூடமாக நிற்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அக்கா சொன்ன விஷயத்துக்கு வரும்போது இது வேண்டும்.

சாமி யார் என்று கேட்டீர்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்தில் குலசாமி என்றால் பெரும்பாலும் ஒரு சாஸ்தா இருப்பார், அய்யனார் என்றாலும் அவர்தான். குளத்தங்கரையிலோ வயலுக்கு நடுவிலோ காட்டிலோ இருப்பார், ஊருக்குள் இருப்பது குறைவு. அவரைச் சுற்றி அவருடைய படை மாதிரி சுடலைமாடன், பேச்சி, இசக்கி, பிரம்மசக்தி, கருப்பன் என்று ஒரு கூட்டம் இருக்கும். இருபத்தொரு பந்தி என்று ஊரில் சொல்வார்கள், எண்ணிப் பார்த்தால் ஒரு கோயிலில் ஒன்பது இருக்கும், இன்னொன்றில் முப்பது இருக்கும், அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சாஸ்தா சைவம். அவருக்குப் பொங்கல், பழம், தேங்காய் மட்டும்தான். மற்றவர்களுக்கு வெட்டு உண்டு. ஒரே வளாகத்துக்குள் இரண்டும் எப்படி நடக்கும் என்றால், ஆடு வெட்டும் நேரத்தில் சாஸ்தாவுக்கு முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள் அல்லது நடையைச் சாத்திவிடுவார்கள், வெட்டு முடிந்து கழுவிவிட்ட பிறகு திறப்பார்கள். சிறு வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. திரைக்குப் பின்னால் இருக்கிறவருக்குச் சத்தம் கேட்காதா என்று எங்கள் தாத்தாவிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன்.

சுடலையின் கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், எலும்பு ஒன்றுதான். கைலாசத்தில் பார்வதி பிள்ளை வேண்டும் என்று கேட்கிறாள். சிவன் சொன்னபடி விளக்குச் சுடரிலிருந்து தெறித்த பொறியை முந்தானையில் ஏந்துகிறாள், அது உருவமில்லாத பிண்டமாகி, அப்புறம் பிள்ளையாகிறது. பிள்ளை ராத்திரியில் சுடுகாட்டு நெருப்பின் வாசம் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்து தொட்டிலில் படுத்துக்கொள்கிறது. பிணம் தின்றவனுக்குக் கைலாசத்தில் இடமில்லை என்று, வரங்களைக் கொடுத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளை தம்பி, அவனுக்குத்தான் நாம் வருஷா வருஷம் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். வேலை தேடி வண்டியேறி வந்து தாராவித் தோல் ஷெட்டில் படுத்துக் கிடந்த நம் தாத்தாக்கள் இவனை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு, சொன்னால் ரொம்பப் பேசுகிறேன் என்பீர்கள்.

இந்தச் சாமிகளில் பாதிப்பேர் ஒரு காலத்தில் மனிதர்கள். அநியாயமாகச் செத்தவர்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. அவர் கதைப்படி முத்துப்பட்டன் என்கிற பிராமண இளைஞன், பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டு அக்கா தங்கையைக் கட்டிக்கொள்வதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டு, செருப்புத் தைக்கப் பழகி, மாமனார் மேய்த்த மாடுகளைத் திருடர்களிடமிருந்து காக்கப் போய்ச் செத்தவன். அவன் நடையில் இன்றைக்கும் தோல் செருப்புகளைக் காணிக்கையாகத் தொங்கவிடுகிறார்கள். ராத்திரியில் அவர் போட்டுக்கொண்டு காட்டில் நடப்பார், அதனால்தான் அடுத்த வருஷம் பார்க்கும்போது செருப்பு தேய்ந்திருக்கும் என்று சொல்வார்கள். கோயிலுக்குள் செருப்போடு போகாதே என்று படித்தவர்களுக்கு இது கொஞ்சம் தலையைச் சுற்றும். அந்தக் கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு, ஆடி அமாவாசைக்குத்தான் பெருங்கூட்டம். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் காலமாகும் வரைக்கும் அன்றைக்கு ராஜ உடையில் அங்கே உட்கார்ந்து காட்சி கொடுப்பார். என் அத்தை சாமியைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததைத்தான் அதிக நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரி, கொடைக்கு வருகிறேன். கொடை என்றால் கொடுப்பதுதான், சாமிக்குக் கொடுப்பது. பெரும்பாலும் பங்குனிக்கும் ஆவணிக்கும் நடுவில், செவ்வாயையோ வெள்ளியையோ ஒட்டி வைப்பார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் கால்நாட்டு, கோமரத்தாடிக்குக் காப்புக் கட்டு, அன்றிலிருந்து அவர் விரதம். முந்தின நாள் ராத்திரி குடியழைப்பு, அதாவது சாமியை வரச் சொல்லி அழைக்கிறது. மறுநாள் மத்தியானம் ஒரு கொடை, நடுச்சாமத்தில் சாமக்கொடை, விடிந்தால் பொங்கலும் மஞ்சள் நீராட்டும். எட்டாம் நாள் ஒரு சின்னப் பூசை. இது பொதுவான கணக்கு, உங்கள் கோயிலில் முன்னே பின்னே இருக்கும்.

இதில் நீங்கள் தூங்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டியது வில்லுப்பாட்டு. பத்தடி நீள வில், அதில் வரிசையாக மணிகள், அதைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி வைத்து, புலவர் இரண்டு கையிலும் வீசுகோலை எடுத்து நாணில் அடிப்பார். குடத்தின் வாயில் ஒருவர் பட்டையால் அறைவார், உடுக்கை ஒருவர், ஜால்ரா ஒருவர். சுடலை பிறந்த கதையில் ஆரம்பித்து மணிக்கணக்காகப் போகும். நேரம் போக்குவதற்காக வைத்த கச்சேரி இல்லை அது. கதையில் சாமி பிறக்கிற இடம், வெட்டுப்படுகிற இடம், வரம் வாங்குகிற இடம் வரும்போது தாளம் ஏறும், அப்போது கூட்டத்தில் எங்கேயோ தூணில் சாய்ந்திருக்கிற கோமரத்தாடிக்கு முதலில் கால் நடுங்கும், அப்புறம் தோள், அப்புறம் ஒரு சத்தம். வரத்துப்பாட்டு என்றே அதற்குப் பெயர். சாமியின் கதையைச் சாமிக்கே சொல்லி வரவழைக்கிறார்கள். நல்ல புலவர் கோமரத்தாடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பாடுவார், எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷம் புலவர் வரமுடியாமல் போய், எங்கள் ஊரில் ஸ்பீக்கரில் பழைய பதிவைப் போட்டார்கள். ரெண்டு மணி நேரம் ஓடியது, ஒருத்தருக்கும் சாமி வரவில்லை. அப்புறம் மேளக்காரரைக் கெஞ்சி ஒருவழியாக நடத்தினோம்.

சுடலைக் கோயில்களில் இன்னொன்று கணியான் கூத்து. மகுடம் என்று பெரிய வட்டமான தோல்கருவி இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். கணியான் என்பது தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிற சின்னச் சமூகம், இந்தக் கூத்தும் சடங்கும் அவர்களுடைய உரிமை, வேறு யாரும் செய்ய முடியாது. சாமக்கொடையில் கைவெட்டு என்று ஒன்று இருக்கிறது, கணியான் தன் கையைக் கீறிச் சில சொட்டு ரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பார். ஏழு வயதில் உங்களைப் பயமுறுத்தியது ஆட்டு ரத்தம் மட்டும்தானா இதுவும்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்கப்புறம் கோமரத்தாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். எங்கள் ஊரில் அவர் போகிற வழியில் தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள், யாரும் எதிரே வரக்கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. ரத்தம் கலந்த சோற்றுத் திரளையை இருட்டில் மேலே வீசுவார்கள். கீழே விழுகிற சத்தம் கேட்காது, ஆகாயத்திலேயே வாங்கிக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. நான் மூன்று தடவை காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மகுடத்துச் சத்தத்தில் எது விழுந்தாலும் கேட்காதுதான், ஆனாலும் அந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் தோன்றாது.

ஆடு வெட்டு. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை உண்டு, நிறுத்து என்று சொல்ல இல்லை. நேர்ந்துகொண்டு ஆடு கொடுக்கிறவர்கள் வேறு வீட்டுக்காரர்கள், அவர்கள் நேர்ச்சை அவர்களுக்கும் சாமிக்கும் நடுவில் இருப்பது. 1950ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்தது, ரொம்ப நாள் அது பேப்பரில்தான் கிடந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. கிராமங்களில் பெரிய மனக்கசப்பு வந்து 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் எங்கள் கோயிலில் தடியங்காயை, அதாவது வெள்ளைப் பூசணியை, வெட்டிக் குங்குமம் தடவி வைத்தோம். எங்கள் கோமரத்தாடி அதைப் பார்த்துவிட்டு சாமி வந்த நிலையிலேயே "எனக்குக் காய்கறிக் கடையாடா வச்சிருக்கீக" என்று கேட்டார். நீங்கள் சைவமாகவே இருங்கள், யாரும் வாயில் திணிக்க மாட்டார்கள். சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கிற பக்கம் போய் நில்லுங்கள், எங்கள் வகையறாவிலேயே ஏழெட்டு வீடு அப்படித்தான். வெட்டின இறைச்சி விற்பனைக்குப் போவதில்லை, பங்கு போட்டு அங்கேயே ஆக்கி அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கிறது. சில கோயில்களில் ஒரு துண்டுகூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

வரியைப் பற்றி. ஐயாயிரம் என்பதை நன்கொடையாகப் பார்க்காதீர்கள். நன்கொடையை யாரும் கொடுக்கலாம், பெயரைக் கல்வெட்டில் போட்டுக்கொள்ளலாம். வரியைப் பங்காளி மட்டும்தான் கொடுக்க முடியும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் ஒருத்தர் ஒரு கட்டு, பழைய கணக்கு அது. மகள்கள் புகுந்த வீட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள், பிறந்த வீட்டுக் கொடைக்கு விருந்தாளியாக வருவார்கள். உங்கள் அக்கா வரி கொடுத்தால் வாங்குவார்களா என்று கேட்டால், எங்கள் நோட்டில் பத்து வருஷமாக வாங்குகிறோம், முதல் வருஷம் சண்டை நடந்தது, இப்போது இல்லை. உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் விட்டால் நிச்சயம் வாங்க மாட்டார்கள்.

பணத்தை மட்டும் அனுப்பினால் போதுமா? அனுப்பலாம், பாதி மும்பைக்காரர்கள் அப்படித்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் குலதெய்வம் எந்த ஊர் என்பதையே தொலைத்த குடும்பங்களை நான் இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். தாத்தா வந்தார், அப்பா மணியார்டர் அனுப்பினார், மகனுக்கு மணியார்டர் போன ஊரின் பெயர் தெரியாது. அப்புறம் பிள்ளைக்கு மொட்டை போடும் நேரத்தில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த ஒரு கோயில் வேண்டுமே என்று ஜோசியரிடம் ஓடுவார்கள். குலதெய்வம் தெரியாதவர்கள் திருச்செந்தூருக்கோ சொரிமுத்து அய்யனாருக்கோ போகலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்தான். உங்களுக்கு அந்த நிலைமை இல்லை, ஊரே கூப்பிடுகிறது. கொடைக்குப் போகப் பயமாக இருந்தால் பங்குனி உத்திரத்துக்குப் போங்கள். அன்றைக்குத்தான் நெல்லைப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புவார்கள். வெட்டவெளியில் வேனும் டெம்போவுமாக நிற்கும், பனைமரத்தடியில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள், உங்கள் மூக்கு மாதிரியே மூக்கு உள்ள ஐம்பது பேரை ஒரே நாளில் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் வருவதால் இங்கே பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்து இடிக்கும், அதுதான் பெரிய தொல்லை.

இனி அக்கா விஷயம். இதற்குத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். வேண்டாம்.

நாங்கள் அதைச் செய்தவர்கள். பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் மும்பைக் கிளையில் நல்ல வசூல். மழையில் பூடம் கரைகிறது, ஒவ்வொரு வருஷமும் வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, பக்கத்து வகையறா கோபுரம் கட்டிவிட்டான் என்று ஆயிரம் காரணம். நான்தான் முன்னால் நின்றேன், ஒளிக்க ஒன்றுமில்லை. பூடத்தை எடுத்துவிட்டு மீசை வைத்த கற்சிலை, சுற்றிக் கிரானைட், மேலே கான்கிரீட், முன்னால் இரும்புக் கேட். வெளியூரிலிருந்து ஐயர்களை அழைத்து யாகசாலை போட்டுக் கும்பாபிஷேகம். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது, அழுதுவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கும்பாபிஷேகம் ஆன இடத்தில் ரத்தம் சிந்தக் கூடாது என்றார்கள், வெட்டு இருநூறு அடி தள்ளிப் போனது. நடுச்சாமத்தில் நடை திறப்பது முறையில்லை என்றார்கள், சாமக்கொடை ஒன்பது மணிக்கு வந்தது. ஒன்பது மணிக்கு வேட்டைக்குப் போனால் ரோட்டில் பஸ் வருகிறது. கணியானைக் கூப்பிடுவது நின்றது, கைவெட்டு இல்லையென்றால் அவருக்கு அங்கே என்ன வேலை. வில்லுக்குப் பதிலாக இரண்டு வருஷம் மெல்லிசை வைத்தார்கள். பரம்பரையாகப் பூசை வைத்த எங்கள் சித்தப்பா, வேளார் குடும்பத்துப் பெரியவர், தீப்பந்தம் சுற்றிக் கொடுக்கிற வண்ணார் வீட்டுக்காரர் என்று ஒவ்வொருத்தருக்கும் கோயிலில் ஒரு கை இருந்தது. கேட்டும் பூட்டும் வந்ததும் சாவி ஒருத்தரிடம் போய்விட்டது. எங்கள் கோமரத்தாடி பழைய பூடம் இருந்த இடத்தைத் தேடித் தேடி ஆடிக் கிரானைட்டில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். சிலைக்கு முகம் வந்ததும் இவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பங்காளிகள் கூடிப் பேசி, கற்சிலை அங்கேயே இருக்கட்டும், வெளியே வேப்பமரத்தடியில் பழைய மண்ணில் பிடிமண் எடுத்துச் சின்னதாக ஒரு பூடம் போடுவோம் என்று முடிவானது. பிடிமண் தெரியுமல்லவா? ஒரு கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் வைத்தால் சாமியும் கூடவே போய்விடும். உங்கள் குலதெய்வம் உங்கள் பூர்வீக ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், தாராவிச் சந்தில் மாடியேறும் படிக்குக் கீழே ஒரு குட்டிச் சாமி இருந்தாலும் பின்னால் இப்படி ஒரு பிடிமண் கதை இருக்கும். இருபதடி தூரத்துக்குப் பிடிமண் எடுத்தது நாங்களாகத்தான் இருக்கும். சாமக்கொடை இப்போது அங்கே நடக்கிறது, பன்னிரண்டு மணிக்கு.

அதனால் அக்காவிடம் காசு இருந்தால் வேறு வேலை நிறைய இருக்கிறது. கொடைக்கு வருகிற பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, வில்லுக் குழுவுக்கும் கணியான் குழுவுக்கும் கௌரவமான சம்பளம், அவர்கள் ராத்திரி படுக்க ஒரு கொட்டகை. பூடத்தில் கை வைக்க வேண்டாம். அது கரையட்டும், வருஷா வருஷம் யாராவது வந்து மறுபடியும் பூச வேண்டியிருக்கட்டும்.

போவதாக முடிவு செய்தால் தேதியைக் கேட்டவுடன் டிக்கெட் போடுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாள்தான், முன்னே மாதிரி நாலு மாசம் கிடையாது. நாகர்கோவில் வண்டியும் தாதர் திருநெல்வேலி சாளுக்கியாவும் திறந்த அன்றைக்கே நிரம்பிவிடும். வரியைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், கொடுக்கும்போது நோட்டில் அப்பா பெயர் இருக்கிற இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள், கணக்கெழுதுகிறவர் தானாகச் செய்ய மாட்டார். கோமரத்தாடி நேராக உங்கள் முன்னால் வந்து நின்று அப்பா பெயரைச் சொல்லி ஏதாவது கேட்டால் பின்னால் நகராமல் நில்லுங்கள், திருநீறு பூசிவிட்டுப் போய்விடுவார். வில்லுக்காரருக்கு அன்பளிப்பு கொடுக்கப் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாக இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள், அன்றைக்கு ஊரில் ஒரு கடையிலும் சில்லறை கிடைக்காது.